விரல் தொடாத துளைகள்: நாகசுரம் பயிலும் இளம் கலைஞருக்கு ஒரு கடிதம்



நாகசுரத்தின் உடலாகிய நீண்ட மரக்குழலுக்கு உலவு என்று பெயர். உலவில் விரல்கள் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே, வாசிக்கும் விரல் எதுவும் செல்லாத இடத்தில், மேலும் ஐந்து துளைகள் உள்ளன. வாசிப்பவர் வாழ்நாள் முழுவதும் அவற்றில் விரல் வைப்பதில்லை எனினும், குழலின் சுருதியும் நாதத்தின் நிறமும் அவற்றையும் பொறுத்தே அமைகின்றன. ஆகவே குழலைச் செய்பவர் அவற்றின் இடத்தையும் அளவையும் கணித்தே துளையிடுகிறார், வேண்டும்போது மெழுகால் சிறிது அடைத்துச் சரிசெய்யவும் அவை இடம் தருகின்றன. மேடையில் ஒலிக்கும்போது ஏழு துளைகளின் இசையாகத் தோன்றுவதற்குப் பன்னிரண்டும் தேவைப்படுகின்றன. மரத்தைத் தேர்ந்தவர், கடைந்தவர், சீவாளி கட்டியவர், ஒத்து ஊதியவர், தவிலுக்குத் தோல் பூட்டியவர் ஆகியோரை ஓர் இசைஞர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது நாகரிகம் பற்றிய கேள்வி மட்டுமன்று, அது வாசிப்பின் தரத்தையே தொடும் கேள்வி என்று எடுத்துரைப்பதற்காகவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

இவர்களை எண்ணினால் வியப்பு தானாக வரும், நன்றி தானாகச் சுரக்கும் என்பது பொதுவான எண்ணம். தமிழ் இலக்கண மரபு வியப்பை அவ்வாறு விட்டுவிடவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படும் நிலைகளாகிய மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் வியப்பை மருட்கை என்ற பெயரால் குறித்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் வழியே பிறக்கும் என்கிறது. முன்பு காணாதது புதுமை. அளவில் மிக்கது பெருமை. மிக நுண்ணியது சிறுமை. ஒன்று மற்றொன்றாக ஆவது ஆக்கம். இந்நான்கும் அறிவுக்குள் முழுதும் அடங்காதவை என்ற குறிப்பும் அங்கேயே உள்ளது. ஆயினும் ஒரு பொருளில் எது புதிது, எது பெரிது, எது நுண்ணிது, எது எதுவாக ஆயிற்று என்பதை ஓரளவேனும் அறிந்தவருக்கே இந்த வாயில்கள் திறக்கின்றன. அறியாதவர் கண்ணுக்கு நாகசுரம் ஒரு நீண்ட கரிய குழல். அதற்குமேல் வியப்பதற்கு அவருக்கு எதுவும் இல்லை.

பெருமை மரத்திலிருந்து தொடங்குகிறது. தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள நரசிங்கம்பேட்டை, நாகசுரம் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே உலவு செய்ய ஆச்சா மரம் பயன்படுகிறது. அதிலும் அன்று வெட்டிய மரத்தை ஆசாரிகள் விரும்புவதில்லை, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகின்றனர். பச்சை மரத்தில் ஈரமும் சாறும் தங்கியிருக்கும். அது உலர உலரச் சுருங்கும், கோணும், வெடிக்கும். உட்குழிவு சிறிது மாறினாலும் சுரம் இடம் பெயரும். பல பத்தாண்டுகள் வீட்டின் கூரையைத் தாங்கி நின்ற மரமோ சுருங்கவேண்டிய அளவுக்குச் சுருங்கி, இறுகி, அடங்கிவிட்டது. ஆகவே ஒரு நாகசுரத்தின் பின்னால் அதைச் செய்தவர் மட்டும் இல்லை. அந்த மரத்தை வீட்டுக்கென அறுத்து நாட்டிய பழைய தச்சரும், அதன்கீழ் வாழ்ந்து மறைந்த குடும்பமும், பிரித்த வீட்டின் மரத்தை விறகாக்காமல் விற்றவரும், அதைத் தட்டிப் பார்த்தே தகுதி கண்டவரும் இருக்கின்றனர். கான்கிரீட் வீடுகள் பெருகிய காலத்தில் அத்தகைய மரம் அரிதாகிக்கொண்டே வருகிறது என்பதையும் வாசிப்பவர் அறிந்திருக்கவேண்டும்.

மரம் கிடைத்தபின் கடைசல் வேலை. வெளிப்புறத்தைக் கடைந்து உருட்டுவதைக் காட்டிலும் உட்புறத்தைக் குடைவதே கடினமானது. ஏனெனில் நாகசுரத்தின் உட்குழிவு ஒரே அளவாகச் செல்லாமல், உதட்டுப் பக்கத்தில் குறுகித் தொடங்கி, கீழே செல்லச் செல்லச் சீராக விரிந்து, அணசு எனப்படும் அகன்ற வாய்ப்பகுதியில் முடிகிறது. கூம்பு வடிவக் குழிவு கொண்ட காற்றுக்கருவியில் மூச்சின் அழுத்தத்தைக் கூட்டினால் அதே விரல் நிலையில் மேல்தாயியின் (மேல் ஸ்தாயியின்) சுரம் எழும். இரண்டு தாயிகளிலும் சுரங்கள் ஒத்திசைவது குழிவின் சீரைப் பொறுத்தது. கண்ணால் காண இயலாத ஓர் உட்சுவரை, நீண்ட துளைக்கம்பிகளின் துணையோடு, கைக்குத் தெரியும் தடையையும் காதுக்குத் தெரியும் மாற்றத்தையும் கொண்டு ஆசாரி வடிக்கிறார். மேல்தாயி பஞ்சமம் எளிதாகப் பேசும்போது அரங்கில் எழும் கைதட்டலில் ஒரு பங்கு அந்தக் கைக்குரியது.

சிறுமை என்னும் வாயிலுக்குச் சீவாளியைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. சீவாளி என்பது உலவின் மேல்முனையில் பொருத்தப்படும் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயின்மீது செருகி, உதடுகளுக்கிடையே வைத்து ஊதப்படும் இரட்டை நாக்கு. காவிரிக் கரைகளில் விளையும் கொறுக்கை என்னும் நாணல் வகைத் தட்டையை அறுத்து, உலர்த்திப் பதப்படுத்தி, நசுக்கித் தட்டையாக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, முனையை நுட்பமாகச் சீவி இது செய்யப்படுகிறது. திருவாவடுதுறை இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. விரலளவு நீளம்கூட இல்லாத இந்தப் பொருளின் இரு இதழ்களும் மூச்சின் அழுத்தத்தால் நொடிக்குப் பலநூறு முறை மூடித் திறப்பதால்தான் குழலுக்குள் உள்ள காற்று அதிர்கிறது. இதழ் சற்றுத் தடித்தால் நாதம் முரடாகும். சற்று மெலிந்தால் சுரம் நிற்காது. வெயிலும் மழையும் எச்சிலின் ஈரமும் இதை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் குழலின் மேற்பகுதியில் மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் நூலில் கட்டித் தொங்கவிடப்படுகின்றன. நாகசுரம் ஒருவருக்குப் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். சீவாளியோ விரைவில் தேய்ந்து ஓயும். தன் வேலை மிகக் குறுகிய காலமே வாழும் என்பதை அறிந்தும் ஒவ்வொன்றையும் ஒரே கவனத்தோடு கட்டுபவரின் மனநிலையை, நாள்தோறும் சாதகம் செய்யும் மாணவர் எண்ணிப் பார்ப்பது நன்று. சாதகமும் காற்றோடு போகும் வேலைதான்.

புதுமைக்குச் சான்று பாரி நாகசுரம். முற்காலத்தில் பெருவழக்காக இருந்தது திமிரி எனப்படும் குட்டையான, உயர்ந்த சுருதியுடைய வகை. அதன் ஆதார சுருதி பொதுவாக நான்கு கட்டைக்கு மேல் இருந்தது. கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிக்கும் வழக்கு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், தேரோடும் வீதியில் தொலைவுவரை கேட்க அந்த உயரம் வேண்டியிருந்தது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வீதியின் இசையாக இருந்த நாகசுரத்தைக் கச்சேரி மேடையில் நீண்ட ராக ஆலாபனைக்கு உரியதாக வளர்த்தவர். அவருடைய தோடி இன்றும் அளவுகோலாகப் பேசப்படுகிறது. அத்தகைய ஆலாபனைக்குத் தாழ்ந்த சுருதியும் ஆழ்ந்த நாதமும் தேவைப்பட்டன. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி குழலை ஏறக்குறைய மூன்றடிக்கு நீட்டி, துளைகளின் இடைவெளியை மீண்டும் கணித்து, இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் பேசும் பாரி நாகசுரத்தைச் செம்மைப்படுத்தினார். அதில் சுத்த மத்திமம் தெளிவாக ஒலிக்கும்படியும் அமைத்தார். மத்திமம் என்பது நான்காவது சுரம்; 72 மேளகர்த்தா ராகங்களுள் முதல் 36 சுத்த மத்திமத்தைக் கொண்டவை, தோடியும் அவற்றுள் ஒன்று என்பதை நினைத்தால், இந்த ஒரு திருத்தம் எத்தனை ராகங்களுக்கு வழி திறந்தது என்பது விளங்கும்.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. ஆசாரியின் கை தனியே இதைக் கண்டுபிடிக்கவில்லை. இசைஞரின் காது தனியே இதை அடையவும் இல்லை. தமக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஓர் இசைஞரும், சொல்லப்பட்டதை மரத்தில் மொழிபெயர்க்கத் தெரிந்த ஒரு தொழிற்கலைஞரும் ஒருவரையொருவர் மதித்து உரையாடியதால் அது பிறந்தது. இன்று பாரி நாகசுரத்தில் முதல் பாடம் தொடங்கும் மாணவர் ஒவ்வொருவரும் அந்த உரையாடலின் பயனைத்தான் வாயில் வைக்கிறார். ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருப்பதில்லை. ரங்கநாதன் ஆசாரியின் பெயரைப் பலர் கேட்டதே இல்லை.

ஆக்கம் மேற்கூறிய அனைத்தையும் உள்ளடக்கியது. ஆற்றங்கரைப் புல் நாக்காகிறது, வீட்டின் உத்தரம் குரலாகிறது, மூச்சு, சுவாமி புறப்பாட்டில் ஒலிக்கும் மல்லாரியாகிறது. இவ்வாறு சொல்வது எளிது. எந்தப் படியில் எது மாறுகிறது, எவர் கையால் மாறுகிறது என்று சுட்டிக் காட்ட இயலாதவரின் வியப்பு, கோயில் வாசலில் நின்று கோபுரத்தின் உயரத்தை மட்டும் பார்த்துத் திரும்புபவரின் வியப்பைப் போன்றது. செயல்முறையை அறிந்தால் வியப்பு கலைந்துவிடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. பட்டறையில் நிற்பவருக்கு நேர்வது அதற்கு மாறானது: ஒவ்வொரு விளக்கமும் அடுத்த கேள்வியைக் கொண்டுவருகிறது, ஆசாரி தாமே விளக்க இயலாத ஓர் இடத்தில், கைக்குத் தெரியும் என்று அவர் சொல்லி நிறுத்தும் இடத்தில், மருட்கை உண்மையாகத் தொடங்குகிறது.

கருவி செய்தவரோடு மறக்கப்பட்ட மற்றொருவர் ஒத்துக்காரர். ஒத்து என்பது நாகசுரத்தைப் போன்ற தோற்றமுடையதும் விரல் துளைகள் அற்றதுமான குழல். நாகசுரத்திற்கு ஆதார சுருதியை இடைவிடாது கொடுப்பதே அதன் பணி. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியேற்றிக்கொண்டே மூக்கின் வழியே மூச்சை இழுத்து, சுவாமி புறப்பாட்டின்போது மணிக்கணக்கில் ஒரே சுரத்தை அறாமல் ஊதும் ஆற்றல் அதற்கு வேண்டும். பின்னர் அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது. பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவரை ஒத்து ஊதுபவர் என்று தமிழ் வழக்கு இகழ்கிறது. அந்த இகழ்ச்சி பிறந்த இடத்தை எண்ணிப் பார்த்தால், ஒரு சமூகம் தன் இசையின் தரையைப் பிடித்து நின்றவரை எவ்வளவு குறைவாக அறிந்திருந்தது என்பது புலப்படும். ஒரே சுரத்தில் நின்று மற்றொருவரின் எல்லாச் சுரங்களுக்கும் பொருள் தருவது அடிமை வேலை அன்று. சுருதி விலகினால் எத்தகைய வித்துவானும் ஆலாபனை செய்ய இயலாது.

மறதி அடுக்கடுக்காக வேலை செய்கிறது என்பதற்குத் திரைப்படம் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. 1968இல் வெளிவந்த தில்லானா மோகனாம்பாள் படத்தில் நாகசுரக் கலைஞராகத் திரையில் தோன்றியவர் சிவாஜி கணேசன். ஒலித்த நாகசுரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. நடிகரின் புகழ் இசைஞரை மறைத்தது என்று நாகசுர உலகினர் வருந்துவது நியாயமே. அதே நியாயத்தை அடுத்த அடுக்குக்கும் நீட்டினால், மேடையில் இசைஞரின் புகழ் சீவாளி கட்டியவரை மறைக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கும். தனக்கு நேர்ந்த மறதியை அநீதி என்று உணரும் கலைஞர், தான் செய்யும் மறதியை வழக்கம் என்று கொள்வது பொருந்தாது.

இந்த மறதிக்குச் சாதியும் ஒரு காரணம் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மிருதங்கம் இதற்கு அருகிலிருக்கும் சான்று. அதன் இரு வாய்களுக்கும் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோல்களும் வேண்டும். அவற்றைத் தேர்ந்து, பதப்படுத்தி, வெட்டி, வாரால் இழுத்துக் கட்டி, வலந்தலை எனப்படும் வலப்பக்க வாயின் நடுவே கரிய வட்டமாகிய கரணையை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுபவர்களுள் பலர் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) மிருதங்க நாதத்தை உருவாக்கியதில் பர்லாந்து என்னும் தொழிற்கலைஞருக்குப் பெரும்பங்கு உண்டு, கருநாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கில நூல், இத்தகைய மிருதங்கம் செய்வோரின் குடும்ப வரலாறுகளைப் பதிவுசெய்தது. நாதத்தைப் புனிதம் என்று கொண்டாடி, அதற்குரிய தோலைத் தொட்டவரைத் தள்ளி நிறுத்திய முரண்பாடு அந்நூலின் மையக் கேள்விகளுள் ஒன்று. நாகசுரத்திற்குத் தவில் பக்கவாத்தியமாக ஒலிக்கும் பெரிய மேளம் என்னும் குழுவிலும், தவிலின் பலாமரக் கட்டையைக் குடைந்தவர் யார், தோல் பூட்டியவர் யார் என்ற கேள்வி அதே இடத்திற்கே கொண்டு செல்லும்.

இனி நன்றி. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். பழந்தமிழில் நன்றி என்ற சொல் நன்மையைக் குறித்தது. ஆகவே அத்தலைப்பின் பொருள், பிறர் செய்த நன்மையை அறிதல். நன்றி கூறுதல் என்றோ நன்றி தெரிவித்தல் என்றோ அமையாமல் அறிதல் என்று அமைந்திருப்பது கருதத்தக்கது. அதன் எதிர்ச்சொல்லாகத் தமிழில் வழங்குவதும் நன்றி மறத்தல் என்பதே. மறதி அறிவின் குறை. இன்றைய விழாக்களில் நன்றி, நன்றியுரை என்ற பெயரில், நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருக்கும் கடைசி ஐந்து நிமிடங்களில் தெரிவிக்கப்படுகிறது. வள்ளுவர் கேட்பது வேறு: எவர், எந்த நேரத்தில், எதை, எவ்வளவு அருமையாகச் செய்தார் என்ற முழுக் கணக்கு. அந்தக் கணக்கு தெரியாதவர் எத்தனை முறை கைகூப்பினாலும் அது மரியாதையாக இருக்குமேயன்றி நன்றியாகாது.

இவ்விடத்தில் ஒரு தவறான பணிவைப் பற்றியும் எச்சரிக்கவேண்டியுள்ளது. ஆசாரியின் கை தெய்வக் கை என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, பட்டறையில் அவர் சொன்ன விலையைப் பாதியாகக் குறைக்கப் பேரம் பேசுவோர் உண்டு. தெய்வம் கூலி கேட்பதில்லை. ஆகவே ஒருவரைத் தெய்வமாக்குவது அவருக்குக் கூலி கொடுக்காமல் இருக்க எளிய வழியாகவும் அமைந்துவிடுகிறது. புகழ்ச்சியால் மறைக்கப்படுவது அவருடைய அறிவும்தான்; பல ஆண்டுப் பயிற்சியாலும் கணக்காலும் தோல்விகளாலும் ஈட்டிய திறனை வரம் என்று சொன்னால், அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதும் இல்லை, காப்பாற்ற வேண்டியதும் இல்லை என்று ஆகிவிடும். நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊரின் பெயரை அவ்வூரில் முறைப்படி செய்யப்பட்ட பொருளுக்கு மட்டும் உரியதாக்கும் சட்டப் பாதுகாப்பே புவிசார் குறியீடு. அது பெயரைக் காக்கும், தொழிலைக் கற்க அடுத்த தலைமுறை வருமா என்பதை அது தீர்மானிக்க இயலாது. இன்று அங்கே இத்தொழிலில் எஞ்சியிருப்பவை சில குடும்பங்களே. அவர்களுடைய பிள்ளைகள் பட்டறையில் உட்காருவதா வேண்டாமா என்பதை, வாசிப்போர் கொடுக்கும் விலையும் மதிப்பும் சேர்ந்தே முடிவு செய்யும்.

ஆகவே இளம் கலைஞர் தம் சாதக முறையில் சிலவற்றைச் சேர்த்துக்கொள்வது தகும். கருவி வாங்கும் நாளில் மட்டும் பட்டறைக்குச் செல்லாமல், வாங்க எதுவும் இல்லாத ஒரு நாளிலும் சென்று, காலை முதல் மாலைவரை இருந்து, ஓர் உலவு எத்தனை நிலைகளைக் கடக்கிறது என்று கண்டு குறித்துக்கொள்க. அவர் கேட்கும் விலையில் மரத்திற்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு, பாழான மரத்திற்கு எவ்வளவு என்று கேட்டறிக; அறிந்தபின் பேரம் பேச மனம் வராது. சீவாளி சரியில்லை எனில் அதையும் மறைக்காமல் சொல்க, எந்தச் சுரத்தில், எந்தத் தாயியில், எவ்வளவு நேரம் ஊதியபின் குறை தெரிந்தது என்று துல்லியமாகச் சொல்க. நல்ல வேலைக்காரர் பாராட்டைவிட அத்தகைய செய்தியையே பெரிதும் எதிர்பார்க்கிறார், தம் வேலை மேடையில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதை அறிய அவருக்கு வேறு வழியில்லை. ராஜரத்தினம் பிள்ளைக்கும் ரங்கநாதன் ஆசாரிக்கும் இடையே நடந்ததும் இத்தகைய பேச்சுத்தான்.

வியப்பும் நன்றியும் முறையாக வளர்ந்தால் வாசிப்பிலும் மாற்றம் தெரியும். உட்குழிவின் கதையை அறிந்தவர் மேல்தாயிக்கு மூச்சை முட்டித் தள்ளமாட்டார், குழல் எங்கே தானாக ஏறும் என்பது அவருக்குத் தெரியும். சீவாளியின் இதழ் எவ்வளவு மெல்லியது என்று கண்டவர் துத்துக்காரத்தில், அதாவது நாவால் தட்டிச் சுரங்களைப் பிரிக்கும் முறையில், தேவைக்கு மேல் வன்மை காட்டமாட்டார். ஒத்துக்காரரின் பணியை நினைப்பவர் சுருதிப்பெட்டியை ஒரு பொத்தானாகக் கருதாமல், ஆலாபனை தொடங்குமுன் அதைக் கேட்டு அடங்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார். இவை ஒழுக்க உபதேசத்தின் பயன்கள் அல்ல, அறிவின் பயன்கள்.

கச்சேரி அழைப்பிதழில் நாகசுரம், தவில், தாளம் என்று வாசிப்போரின் பெயர்கள் அச்சாகின்றன; அவற்றின் கீழே இன்னும் இரண்டு வரிகளுக்கு எப்போதும் இடம் இருக்கிறது. அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன், உலவு கடைந்தவரிடமும் சீவாளி கட்டியவரிடமும் சென்று, தம் பெயரை எவ்வாறு எழுதவேண்டும் என்று அவர்கள் விரும்புகின்றனர் எனக் கேட்டு, அவ்வாறே எழுதச் செய்க.